நான் ‘இல்லை’ என்று எழுதிய காட்மியம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம். கழிமுகத்துச் சேற்றை அள்ளி வருவதற்குப் பிளாஸ்டிக் வாளி கிடைக்கவில்லை என்று, சிதம்பரம் கடைத்தெருவில் பளபளவென்று ஒரு தகர வாளியை வாங்கிக்கொண்டு போனேன். ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால் எல்லா மாதிரியிலும் துத்தநாகம் கொட்டிக் கிடக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். எங்கள் பிரிவின் தலைவர் அந்த வாளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளிக்கு மேல் பூசியிருந்ததே துத்தநாகம்தான். “ஆத்துல இருக்கறத விட உன் வாளியில ஜாஸ்தி இருக்கும்மா” என்றார். அதற்குப் பிறகு பல வருஷம் ஆய்வகத்தில் எனக்குப் பெயரே ‘வாளி’தான்.

அதற்கு நான் வெட்கப்படவில்லை. மாதிரியைக் கொட்டினோம், மறுபடி போய் அள்ளி வந்தோம், முடிந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்களும் அந்த மாதிரித் தவறுகள் நிறையச் செய்வீர்கள். செய்யுங்கள், ஒன்றும் குடி முழுகிப்போகாது. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி. ஓய்வு பெற்ற அன்று மேடையில் நாலைந்து பேர் என்னை வானளாவப் புகழ்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் செபாஸ்டின். அவரும் அன்றைக்கு வந்திருந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

செபாஸ்டின் எங்கள் ஆய்வகத்தில் உலோகம் பார்க்கும் கருவியை இயக்கியவர். கடலூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி வந்து, யாரும் கேட்காமலேயே கருவியைத் துடைத்து மூடி வைத்துவிட்டுப் போகிற ரகம். படிப்பில் என்னை விடக் குறைவு, பதவியிலும் குறைவு. அந்தக் கருவியைப் பொறுத்தவரை எங்கள் யாரை விடவும் கூடுதலாகத் தெரிந்தவர். இதையெல்லாம் இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

சுனாமி வந்துபோன அடுத்த சில மாதங்கள், 2005ஆம் வருஷம். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் கடலிலிருந்து எது வந்தாலும் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. மீன் விற்கவில்லை, நண்டு விற்கவில்லை. போதாததற்கு இன்னொரு பேச்சும் கிளம்பியது. அலை வந்து அடிச்சேற்றையெல்லாம் புரட்டிப் போட்டுவிட்டது, ஆலைக் கழிவில் வந்து பல வருஷமாகப் புதைந்து கிடந்த நஞ்செல்லாம் மேலே வந்துவிட்டது என்றார்கள். உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களுக்கு வந்தது. கடலோரத்திலும் கழிமுகத்திலும் இடம் குறித்துக்கொண்டு, இடத்துக்கு ஒரு எண் கொடுத்து, சேறு அள்ளி வந்தோம்.

அதில் நாலாம் எண் ஒரு மட்டித் திட்டு. நீர் வடிந்தால் தலை காட்டும் சேற்று மேடு. படகும் வலையும் ஆண்களுக்கு என்றால், மட்டி பொறுக்குவது பெண்களின் வேலை. திட்டின் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, கையாலும் காலாலும் சேற்றைத் துழாவி, சிப்பி சிப்பியாக எடுத்து இடுப்பில் கட்டி மிதக்கவிட்ட அலுமினியக் குண்டானில் போடுவார்கள். வேகவைத்த சதையைக் கூறு போட்டு விற்பார்கள். ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து பெரும்பாலான பெண்கள் அந்தத் திட்டை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் நடந்து வேறொரு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் போன அன்று திட்டில் இருந்தவள் பூங்காவனம் ஒருத்திதான். நாற்பது வயதிருக்கும். அவள் புருஷனின் படகு அலையில் போய்விட்டது. வீட்டில் அப்போது அடுப்பு எரிந்ததே அவள் குண்டானால்தான். எங்கே கால் வைத்தால் புதையாது என்று எனக்குக் காட்டி, கையைப் பிடித்து அழைத்துப்போனவளும் அவள்தான்.

இனி ஆய்வகம். ஒவ்வொரு உலோகத்துக்கும் அந்தக் கருவியில் தனித்தனி விளக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் தேடிய நஞ்சுகளில் ஒன்று காட்மியம். அதைப் பார்க்கிற விளக்குக்கு வயதாகிவிட்டிருந்தது. வெளிச்சம் மங்கினால் கருவிக்குக் கண் மங்கும், கொஞ்சமாக இருப்பது அதற்குப் படாது. புதிய விளக்குக்கு எழுதிப் போட்டிருந்தோம், வரவில்லை. எல்லா இடத்துக்கும் காட்மியத்துக்கு நேரே ‘பி.டி.எல்.’ என்று வந்தது. கருவியால் பார்க்க முடிந்த அளவுக்குக் கீழே என்று அதற்குப் பொருள். காய்கறி நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதற்காக மூக்குத்தி இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் மாணவர்களுக்கு எத்தனையோ தடவை பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

கடலூரிலிருந்து ஒரு அதிகாரி ஃபோன் செய்தார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம், ஜனங்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் வேண்டும், ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், சுற்றி வளைக்காமல் உண்டா இல்லையா என்று இருக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். ஜனங்களின் பயம் தெளிந்து மீன் விற்க வேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவர். எனக்கும் அதே எண்ணம்தான். அதோடு எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்ற கர்வமும் உண்டு. நெல்லிக்குப்பத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா. அட்டவணை போட்டேன். ‘பி.டி.எல்.’ வருகிற கட்டங்களில் ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று எழுதினால் கட்டத்தில் அடங்கவில்லை. படிக்கிறவர்களுக்கும் ஒன்றும் புரியாது. ‘இல்லை’ என்று போட்டேன். அழகாக அடங்கியது.

செபாஸ்டின் தாளை வாங்கிப் பார்த்தார். “மேடம், நான் இல்லன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னேன்” என்றார். விளக்கு சாகிற நிலையில் இருக்கிறது, கீழேயாவது ஒரு வரி போடுங்கள் என்று கேட்டார். போட்டேன். அந்த ஒரு வரியால் தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தைக் குறைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. தாளுக்காக வந்த ஜீப் வெளியே நின்றுகொண்டிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன். செபாஸ்டின் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் பொறுப்பு, நீங்கள் கருவியைப் பாருங்கள் என்றேன். வாளியைத் திருப்பிப் பார்த்த தலைவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் நான் இருந்தேன். எனக்கு மேலே கேட்பதற்கு ஆள் இல்லை, கீழே கேட்டவரை நான் மதிக்கவில்லை.

கூட்டம் சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டகையில் நடந்தது. நான் தாளை வாசித்தேன். ஆண்கள் மீனைப் பற்றிக் கேட்டார்கள். கடைசியில் பூங்காவனம் எழுந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த மகள், நாலாவது படிக்கிற பிள்ளை, தாளை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“இல்லன்னு போட்டிருக்கே மேடம், சுத்தமா இல்லையா? இல்ல, கொஞ்சம் கிஞ்சம் இருந்து உங்களுக்குத் தெரியாம போச்சா?”

என் இத்தனை வருஷ வேலையில் எந்தக் கருத்தரங்கிலும் எவரும் என்னை இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. இப்போது போய்த் தராசு, மூக்குத்தி என்று ஆரம்பித்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று பட்டது. “இல்லன்னா இல்லதாம்மா” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் படித்த படிப்பு முழுவதையும் அந்த மூன்று நொடியில் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் புதிய விளக்கு வந்தது. செபாஸ்டின் என்னைக் கேட்காமலேயே, புட்டியில் எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை மறுபடி பார்த்திருக்கிறார். ஒரு நாள் காலையில் தாளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மற்ற இடங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலாம் எண்ணில் காட்மியம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுகிற அளவு இல்லை. நான் நம்பாமல் மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் இருந்தது. சேற்றிலிருந்து எவ்வளவு மட்டிக்குள் ஏறும், தினமும் சாப்பிடுகிறவர்கள் உடம்பில் எவ்வளவு தங்கும் என்று நாங்கள் பார்த்திருக்கவில்லை. ஆனால் அது உடம்பை விட்டு லேசில் போகாது, சிறுநீரகத்தில் போய் உட்காரும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த அறிக்கையைத் திருத்தினேன். புதிய எண்களைப் போட்டு, பழைய விளக்கின் குறையையும் நாணயமாகக் குறிப்பிட்டு அனுப்பினேன். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். வெளியூர்க் கருத்தரங்கில் வாசித்தேன், கை தட்டினார்கள். தமிழ்த் தாளை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், அப்போது ஒவ்வொரு மாதமும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இப்போதுதான் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது, வயிற்றில் அடிக்கக் கூடாது. மட்டியையே சோதித்துவிட்டு உறுதியாகச் சொல்லலாம். அதற்கு ஒரு திட்டம் எழுதினேன், அது எங்கோ கிடப்பில் போனது, நானும் தேடவில்லை. எல்லாக் காரணமும் பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. உண்மைக் காரணம் ஒன்றுதான். அந்தக் கொட்டகையில் மறுபடி எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செபாஸ்டின் ஒரு தடவை, “நான் போயி சொல்லிட்டு வரட்டா மேடம்?” என்று கேட்டார். ஆய்வகத்தின் சார்பில் பேச உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆறு வருஷம் போனது. ‘தானே’ புயல் வந்து போன பிறகு, 2012 ஆரம்பத்தில், மறுபடி சேறு அள்ள வேண்டியிருந்தது. நாலாம் எண்ணுக்கு இளையவர்களை அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாதிரி எடுக்கும் புட்டிகளைச் செபாஸ்டின் என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். போனேன். திட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். விட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். பூங்காவனம் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். தலை நரைத்திருந்தது. வேலை முடிந்ததும் விடவில்லை, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. புயலில் ஜன்னல் போயிருந்தது, தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பூங்காவனம் எனக்கும் தன் மகளுக்கும் தட்டு போட்டாள். மகள் அப்போது பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் வெளியே ஜீப்பில் இருந்தார். சோறு, அதன் மேல் மிளகு போட்டு வதக்கிய மட்டி. வாசனை நன்றாக இருந்தது. அன்றைக்குக் காலையில் திட்டில் எடுத்தது என்றாள்.

என் கை நகரவில்லை. ஆறு வருஷமாக இவர்கள் தினம் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டவள் நான். ஒரே ஒரு வாய் என் வாய்க்குள் போக வேண்டும் என்றபோது கை நகர மறுக்கிறது. சோற்றை ஓரமாக ஒதுக்கினேன், தண்ணீரைக் குடித்தேன். பூங்காவனம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மாறியது.

“ஏன் மேடம், எங்க வூட்ல நீங்கல்லாம் சாப்புட மாட்டீங்களா?”

அவள் என்ன நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிற சாதிக்காரி என்று எண்ணிவிட்டாள். இரண்டே வழிதான் இருந்தது, ஒன்று சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சொல்ல வேண்டும். அவமானத்தோடு சொல்கிறேன், அப்போதும் ஒரு கணம், சாதி என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். மகள் அடுத்த வாயை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் சொன்னேன். அந்தத் திட்டில் காட்மியம் இருக்கிறது, அன்றைக்கு நான் இல்லை என்று சொன்னது தப்பு, மட்டியைச் சாப்பிடாதே என்று மூன்றையும் ஒன்றாகக் கொட்டினேன்.

பூங்காவனம் முதலில் மகளின் தட்டைத்தான் எடுத்தாள். அப்புறம் என் தட்டை. இரண்டையும் அடுப்படியில் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“எத்தினி நாளா தெரியும்?”

“ஆறு வருஷமா.”

அவள் கத்தவில்லை. “எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது மேடம். இல்லன்னு ஊரக் கூட்டித்தான சொன்னீங்க. இதையும் கூட்டிச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, பெண்களைக் கூப்பிட அவளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டமாகச் சொல்கிறேன். புதிய தமிழ்த் தாள் எழுதினேன், இரண்டு பக்கம் வந்தது. மட்டியையும் சோதித்தோம், அதிலும் இருந்தது. பெண்கள் அந்தத் திட்டை விட்டார்கள். சிலர் பழையபடி தூரத்து ஓடைக்கு நடந்தார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். யாருக்காவது அதனால் உடம்புக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். தெரியாது. ‘இல்லை’ என்று மறுபடி எழுத மாட்டேன். எங்கிருந்து வந்தது என்பதும் இன்று வரை நிரூபணம் ஆகவில்லை. உங்களுக்கு என்னிடமிருந்து ஒரு யோசனை வேண்டுமானால் இதுதான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள், கட்டத்தைப் பெரிதாக்குங்கள், தாள் இரண்டு பக்கம் போகட்டும். தப்பு என்று தெரிந்த அன்றைக்கே, எந்த மொழியில் தப்பைச் சொன்னீர்களோ அந்த மொழியில் போய்ச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் அதன் வலி உங்களுக்கு வராது, இன்னொருவருக்குப் போய்ச் சேரும். எப்படி என்று, அன்றைக்குப் பூங்காவனம் கூட்டிய கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பூங்காவனத்தின் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். ஈரப் புடவையோடு அப்படியே வந்திருந்தார்கள். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தராசு, மூக்குத்தி, மங்கிய விளக்கு, ஆறு வருஷம், எல்லாம். அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வர வேண்டும் என்றே இருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அந்த முதல் கூட்டத்துக்குப் பிறகு என் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒன்றும் இல்லையாம் வாங்கடி என்று அவர்களைத் திட்டுக்கு அழைத்து வந்தவள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஒருத்தி, கைப்பிள்ளைக்குக் கூட மட்டி வேகவைத்த தண்ணீர் கொடுத்தேனே என்றாள். இன்னொருத்தி, ஒழுங்காக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தவளை நீதானே இழுத்தாய் என்றாள். பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இவர்கள்தான் எனக்கு அப்படிச் சொன்னார்கள் என்று என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் குறுக்கே புகுந்து, தப்பு என்னுடையது, அவளைக் கேட்காதீர்கள், என்னைக் கேளுங்கள் என்றேன். ராணி என்று ஒரு பெண், அவர்களிலேயே மூத்தவள், என்னைப் பார்த்துத் தன்மையாகத்தான் பேசினாள்.

“நீங்க வுடுங்க மேடம். உங்க பேப்பர நாங்க யாரு நம்புனோம்? ஆபீசுலேர்ந்து வர்றவுங்க ஏதாச்சும் சொல்லுவாங்க, போவாங்க. இவ எங்ககூட சேத்துல நிக்கிறவ. இவ சொன்னான்னுதான் வந்தோம்.”

பிறகு உள்ளே திரும்பி, மேடம் எவ்வளவு நேரம் நிற்பார்கள், ஒரு நாற்காலி கொண்டுவா என்று பூங்காவனத்தின் மகளிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை கொண்டுவந்து, துப்பட்டாவால் துடைத்துப் போட்டாள். அவர்கள் பூங்காவனத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கால் வலித்தது. நான் உட்கார்ந்தேன்.